ஐரிஸுக்கு ஊன்றிய சிவப்புக் கட்டைகள்

நான் ஒரு முட்டாள். மற்றவர்கள் சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. சாதாரண முட்டாள் என்றால் எழுத வேண்டியதில்லை. ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். கண்ணிவெடி எடுத்து முடித்து, ‘இனிப் பயமில்லை, போய் இருங்கோ’ என்று திருப்பித் தந்த காணிக்குள், என் இரண்டு கையாலும் நாற்பத்திமூன்று சிவப்புத் தலைக் கட்டைகளை ஊன்றி வைத்துவிட்டு, ‘ஏன் எங்கட வீட்டுப் பக்கம் ஒரு மனிசரும் வருகினமில்லை’ என்று இரண்டரை மாதம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன் நான். அந்த வகை முட்டாள்.

எங்கள் பக்கத்தில் சிவப்புத் தலைக் கட்டைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அதற்கு அங்கால் வெடி இருக்கிறது, கால் வைக்காதே. நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் இதில் உள்ள அதிசயம்.

இந்தியாவில் முகாம் வாழ்க்கையை முடித்துக்கொண்டு நாங்கள் திரும்பி வந்த வருடம் அது. எங்கள் காணி மன்னார்த் தீவில் இல்லை, பெருநிலத்தில். திருக்கேதீஸ்வரத்து மணி, காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கேட்கும், திரும்பாவிட்டால் கேட்காது. பின்னால் வயல். முன்னால் ரோட்டும் ஒரு மதகும். நடுவில், போகும்போது நாங்கள் பூட்டிவிட்டுப் போன வீட்டின் ஒன்றரைச் சுவர். திறப்பை மனைவி பத்தொன்பது வருடம் தாலிக்கொடியோடு சேர்த்து வைத்திருந்தாள். வந்து பார்த்தால் பூட்டும் இல்லை, கதவும் இல்லை, கதவு நின்ற சுவரும் இல்லை. தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு இருந்தோம்.

மனைவிக்கு ஒரே ஒரு ஆசை. உள்ளே நின்று கொண்டி போடக்கூடிய ஒரு கதவு. முகாமில் எங்கள் அறைக்குக் கதவாகத் தொங்கியது அவளுடைய பழைய சேலை. காற்றடித்தால் திறக்கும், நாய் முட்டினால் திறக்கும், பக்கத்து அறைக்காரி இருமினாலும் திறக்கும். “கல்லால ஒரு வீடு, மரத்தால ஒரு கதவு, இரும்பால ஒரு கொண்டி. வேற ஒண்டும் நான் கேக்கேல்லை” என்பாள். வீட்டுத்திட்டப் பட்டியலில் அவளுடைய பெயர் இருந்தது. ஒரு உத்தியோகத்தர் வந்து காணியைப் பார்ப்பார். அதன் பிறகு முடிவுப் பட்டியல் ஒட்டுவார்கள். அதில் விடுபட்டால் அடுத்த கட்டம். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டால் எல்லோரும் வானத்தைத்தான் பார்த்தார்கள்.

இதற்குள் ஐரிஸ் எங்கிருந்து வந்தது? நியாயமான கேள்வி. மனைவியும் இதைத்தான் கேட்டாள், இவ்வளவு மரியாதையாக அல்ல.

முகாமில் இருந்த காலத்தில் அனுமதி எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஒரு பங்களாவில் தோட்ட வேலைக்குப் போய் வந்தேன். அந்தப் பங்களா அம்மாவிடம் ஒரு பாறைத் தோட்டம் இருந்தது. கல்லைச் சின்ன மலை மாதிரிக் குவித்து, இடுக்குகளில் செடி வைத்திருப்பார்கள். முதல் நாள் நான் அதை வீடு கட்ட இறக்கிய கல் என்று நினைத்து, மதிலோரம் வடிவாக அடுக்கிவிட்டேன். மத்தியானம் வரை அடுக்கினேன். திரும்பப் பழையபடி குழப்பி வைக்க நான்கு நாள் எடுத்தது. ஒழுங்காக அடுக்குவதைவிட ஒழுங்காகக் குழப்புவது கடினம் என்று அப்போதுதான் படித்தேன்.

அந்த இடுக்குகளில் இருந்தவை சின்ன ஐரிஸ்கள். ஒரு சாணுக்கு மேல் வளராது. இலை வாள் மாதிரி. பூவில் மூன்று இதழ் மேலே நிற்கும், மூன்று இதழ் நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரிக் கீழே விழும். அந்த நாக்கில் மயிர் வைத்த மாதிரி ஒரு கோடு. முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு சின்னச் செடிக்கு இவ்வளவு பகட்டு என்னத்துக்கு என்று. பிறகு எப்படியோ அது மனதில் ஒட்டிக்கொண்டது. நானும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான் என்பதாலோ தெரியாது.

வேலையை விடும்போது அந்த அம்மா மூன்று இனம் தந்தா. ஒன்று சின்ன வெங்காயம் மாதிரி. அதை மூன்று விரல் ஆழத்தில் தாட்டு, கோடையில் காய விட வேண்டும். இரண்டாவது இஞ்சி மாதிரி; அதைப் புதைக்கக் கூடாது, முதலை கரையில் கிடக்கிற மாதிரி முதுகு வெயிலில் கிடக்க வேண்டும். மூன்றாவது வெறும் வேர். அதற்கு அரை நிழல். எல்லாவற்றையும் ஒரே தகரப் பால்மா ரின்னுக்குள் போட்டுக் கொண்டுவந்தேன். ஊர் வந்து திறந்தால், சூட்டில் தோல் கழன்று, வெங்காயம் இஞ்சி மாதிரியும் இஞ்சி வேர் மாதிரியும் வேர் என்னுடைய சுண்டுவிரல் மாதிரியும் கிடந்தது.

சரி, முதலில் பாறைத் தோட்டம். எங்கள் பக்கத்தில் மலை இல்லை, பாறையும் இல்லை. ஆனால் இடிந்த வீடு இருந்தது. பழைய வீடு முருகைக்கல்லால் கட்டியது. ஓட்டை ஓட்டையாக, தண்ணீரை நிற்க விடாத கல். ஐரிஸுக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் கல்லைப் புரட்டத் தொடங்கியதும் மனைவி வந்து நின்றாள்.

“அது அத்திவாரத்துக்கு வைச்சிருக்கிற கல்லு.”

“உடைஞ்ச துண்டுகளைத்தானே எடுக்கிறன்.”

“உடையாத துண்டு எங்க கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்.”

என்னால் காட்ட முடியவில்லை. வீடு வரும்போது ஒரு கல் விடாமல் திருப்பித் தருவதாகச் சத்தியம் பண்ணிவிட்டு எடுத்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பதற்காகப் படலை வாசலுக்கு நேரே, கொட்டிலுக்கு முன்னால் குவித்தேன். அடியில் உடைந்த ஓடு. மேலே ஆற்று மணலும் கல்லுத் தூளும் கொஞ்சம் மக்கிய சாணமும். கல்லை உள்பக்கம் சாய்த்து வைத்தால் மழைத் தண்ணீர் வேருக்குப் போகும், அது நினைவிருந்தது. பின்னேர வெயிலைப் பனை மறைக்கும் பக்கம் எது என்று பார்த்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் அது காலை வெயிலை மறைக்கும் பக்கம் என்று தெரிந்தது.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் நட்டேன். எது எந்த இனம் என்று தெரியாததால் ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாவற்றையும் பாதி தாட்டேன். பிழை போனாலும் பாதிப் பிழைதானே.

இந்தச் சின்ன ஐரிஸில் ஒரு வில்லங்கம் உண்டு. காய்ந்தால் மண்ணுக்கு மேலே ஒன்றுமே தெரியாது. அடையாளம் வைக்காவிட்டால் நாங்களே மண்வெட்டியால் வெட்டிவிடுவோம். அடையாளத்துக்கு என்ன செய்யலாம் என்று ரோட்டுக்கு வந்தேன். மதகடியில் ஒரு கட்டுத் தடி கிடந்தது. பக்கத்துக் காணியில் வெடி எடுத்த குழு வேலை முடிந்து போகும்போது மிஞ்சியதைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஒரு அடி நீளம், சீவிய தடி, தலையில் சிவப்புப் பெயின்ற். ஐரிஸுக்கென்றே செய்வித்த மாதிரி இருந்தது.

எனக்குத் தெரியாதா? தெரியும். வயலில், வரம்பில், ரோட்டோரத்தில் அந்தக் கட்டையைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடும். ஆனால் இது என் பாத்தி. கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே அது வெறும் தடி. கிழங்குக்கு ஒன்றாக நாற்பத்திமூன்றை ஊன்றினேன். அதோடு விட்டேனா? எழுத்து மழையில் அழிந்துபோகும் என்று, பால்மா ரின்னைக் கீலம் கீலமாக வெட்டி, ஆணியால் இலக்கம் கீறி, அதே இலக்கத்தை ஒரு கொப்பியிலும் எழுதி, ஒவ்வொரு கிழங்குக்குப் பக்கத்திலும் தாட்டேன். பங்களாவில்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை.

மனைவி பார்த்தாள். “கோயில் திருவிழாவுக்குச் சோடிச்ச மாதிரி இருக்கு” என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்கும் கீழே இருப்பது என்னவென்று தெரியுமே.

அதற்குப் பிறகுதான் குழப்பம் தொடங்கியது.

தலைமன்னாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரர் முன்பெல்லாம் கொட்டில் வாசல் வரை வந்து, மீனோடு ஊர்க்கதையையும் இறக்கிவிட்டுப் போவார். திடீரென்று மதகடியில் நின்று ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார். மனைவி சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போனாள்.

“ஏன் அண்ணை, உள்ளுக்கு வாறியள் இல்லை?”

“ரயர் சரியில்லை தங்கச்சி” என்றாராம். அந்த ரயரில்தான் தலைமன்னாரிலிருந்து வந்திருக்கிறார்.

பக்கத்துக் காணிக்காரி ஆடுகளைக் கட்டிப்போட்டாள். தபால்காரர் கடிதத்தைப் படலையில் செருகிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே ஓடினார். தேநீர்க் கடையில் எனக்குக் கேட்காமலே கதிரை இழுத்துப் போட்டார்கள். ஒருவர் என் தோளில் கை வைத்து, “மனதை விடாதேங்கோ அண்ணை” என்றார். நான் எதற்கென்று தெரியாமல் விடமாட்டேன் என்றேன்.

ஒருவரும் நேரே கேட்கவில்லை. அது எங்கள் ஊரில் திரும்பி வந்தவர்களின் பழக்கம். ஒருவருடைய கஷ்டத்தை வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் அவர் சொல்லுவார், பிறகு நீ உன்னுடையதைச் சொல்ல வேண்டி வரும், பொழுது போதாது.

கொட்டிலுக்குள் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம்.

“நீங்கள் ஆரிட்டையோ உங்கட பகிடியை விட்டிருக்கிறியள்” என்றாள்.

கடந்த மூன்று மாதத்தில் விட்ட பகிடிகளை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஊர் எங்களைத் தள்ளி வைக்கும் அளவுக்கு ஒன்றும் நல்லதாக இல்லை. “உன்ர இந்தியத் தமிழ்தான் சனத்துக்குப் பிடிக்கேல்லையாக்கும்” என்றேன்.

“என் தமிழுக்கு என்னங்க குறைச்சல்?” என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்தத் தமிழ் வந்துவிடும்.

இதற்கிடையில் பாத்தி துளிர்த்தது. வாள் மாதிரி இலை, பச்சைப் பசேல் என்று. காலையும் மாலையும் மழைக்கு மேலே நானும் தண்ணீர் ஊற்றினேன். கார்த்திகைக் கடைசியில் ஒரு சந்தேகம் வந்தது. இலையைத் தொட்டால் முக்கோணத் தண்டு. பாதிக்கு மேல் கோரைப்புல். எது கோரை, எது ஐரிஸ் என்று பிரிக்கப் போய், இரண்டு ஐரிஸைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கோரைக்கு மண் அணைத்தேன். பிறகு ஓடிப்போய் அவற்றைப் பொறுக்கி வந்து திரும்ப வைத்தேன், எந்தக் குழி என்று தெரியாமல்.

மார்கழியில் ஒரு தூறல் நாள். நான் கல்லுகளுக்கு நடுவே முழங்காலில் நின்று கோரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். படலையில் ஒரு ஸ்கூட்டி நின்றது. ஹெல்மெற்றைக் கழற்றாமல், கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண் பிள்ளை. வீட்டுத்திட்ட உத்தியோகத்தர் என்று பார்த்ததும் விளங்கிவிட்டது. நான் துள்ளி எழும்பினேன்.

“வாங்கோ மிஸ், உள்ளுக்கு வாங்கோ!”

“ஐயா, அசையாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!”

கையில் போனை எடுத்தா. ஓ, படம். நான் மீசையைத் துடைத்து, சாரத்தை இறக்கிவிட்டு, ஒரு காலைக் கல்லின் மேல் வைத்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன்.

“எவ்வளவு நாளா ஐயா இப்பிடிக் கிடக்கு?”

“ஐப்பசியில இருந்து, மிஸ்.”

“அறிவிக்க வேண்டிய ஆக்களுக்கு அறிவிச்சனீங்களோ?”

“இதுக்கென்னத்துக்கு மிஸ் அறிவிக்கிறது? சும்மா வீட்டளவில செய்யிறதுதானே.”

மிஸ் படலையிலிருந்து ஒரு அடி பின்னால் போனா. பிறகு மிக மெதுவாக, நோயாளியோடு கதைக்கிற குரலில், “வந்த அடியிலேயே காலை வைச்சுத் திரும்பிப் போங்கோ ஐயா. அவசரப்படாதேங்கோ” என்றா. செடியில் இவ்வளவு அக்கறை உள்ள பிள்ளையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நான் கால் விரலில் நடந்து வெளியே வந்தேன். மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வர, ஸ்கூட்டி போய்விட்டது.

“ஏன் உள்ளுக்கு வரேல்லை?”

“படம் எடுத்தவா. நல்ல வடிவா விழுந்திருக்கும்” என்றேன்.

தை பிறந்து ஒரு கிழமையில் கிராமசேவகர் கந்தோர்ச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மனைவிதான் பார்க்கப் போனாள். நான் கோரைக்குத் தண்ணீர் ஊற்ற நின்றுவிட்டேன். திரும்பி வந்தவள் உள்ளே வரவில்லை. மதகடியில் நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

“இஞ்சாருங்கோ. இஞ்ச வாங்கோ.”

போனேன்.

“திரும்பிப் பாருங்கோ.”

திரும்பினேன். மீன்காரர் நிற்கும் இடத்திலிருந்து என் காணியை நான் அதுவரை பார்த்ததில்லை. தோண்டிக் குவித்த மாதிரி ஒரு கல்லுக் குவியல். அதைச் சுற்றியும் மேலேயும் வரிசை வரிசையாகச் சிவப்புத் தலைகள். அதற்குப் பின்னால், பாவம், ஒரு தகரக் கொட்டில். என் கால் தானாக நின்றுவிட்டது. ‘ஐயோ, இது ஆரின்ர காணி?’ என்றுதான் முதலில் தோன்றியது. சத்தியமாக.

“என்ர பேருக்கு நேர வெடி அபாயம் எண்டு எழுதியிருக்கு. அடுத்த கட்டத்தில பாப்பினமாம்” என்றாள். பிறகு குரல் மாறியது. “என் கதவு போச்சுங்க.”

அவள் ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஏசவில்லை.

அன்றைக்கே நாற்பத்திமூன்று கட்டையையும் பிடுங்கி அடுப்படியில் போட்டுவிட்டுக் கந்தோருக்கு ஓடினேன். அதே மிஸ் இருந்தா. எல்லாவற்றையும் விளக்கினேன். ஐரிஸ், பங்களா, பால்மா ரின், எல்லாம். ஆதாரத்துக்கு மடியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து மேசையில் வைத்தேன். அவ கதிரையைப் பின்னால் தள்ளினா.

“இப்ப ஒரு கட்டையும் இல்லை மிஸ். எல்லாம் பிடுங்கிப் போட்டன்.”

“கட்டையைப் பிடுங்கினா வெடி போயிடுமோ ஐயா?”

கிழங்கைத் திரும்ப மடிக்குள் வைத்தேன். அவவில் பிழையில்லை, கண்ணால் கண்டதைத்தான் எழுதினா. கோப்பில் என் படமும் இருந்தது. வெடிக்காணிக்கு நடுவில் கல்லில் கால் வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது. இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னா. கோப்பு மன்னாருக்குப் போக இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. வெடி எடுக்கிற குழு வந்து பார்த்துக் கடிதம் தந்தால், பட்டியலில் திரும்பச் சேர்க்கலாம்.

குழு அப்போது வேறு கிராமத்தில். மூன்று தரம் சைக்கிளில் போனேன். தலைவியாக இருந்ததும் ஒரு பிள்ளைதான். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, சிரிப்பு அடக்க முடியாமல் வரம்பிலேயே குந்திவிட்டா. “வாறம் ஐயா. ஆனா அதுக்குள்ள நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. தண்ணிகூட ஊத்தாதேங்கோ.”

பன்னிரண்டாம் நாள் வந்தார்கள். பார உடுப்பு, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு. தலைவி உலோகம் தேடும் மெஷினைப் பாத்திக்கு மேலே பிடித்தா. கீங் என்றது. ஒரு சாண் தள்ளிப் பிடித்தா. கீங். இன்னொரு சாண். கீங்.

மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே ஏதும் கிடக்கிறதோ? பிறகுதான் மண்டையில் உறைத்தது.

“பிள்ளை, அது தகரம்! பால்மா ரின்! நான்தான் தாட்டனான்!”

“இருக்கும் ஐயா. ஆனா சத்தம் வந்தா எடுத்துப் பாக்காமல் விட ஏலாது.”

இரண்டரை நாள். வயிற்றில் படுத்து, பக்கவாட்டில் இருந்து சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டி, தூரிகையால் தட்டி, ஒரு தகரத்தையும் அதன் பக்கத்துக் கிழங்கையும் எடுக்க ஒரு மணித்தியாலம் போனது. உலகத்தில் எந்த ராணியின் தோட்டத்திலும் ஐரிஸை இவ்வளவு கவனமாக ஒருவரும் கிண்டியிருக்க மாட்டார்கள். ஒரு வேர்கூட அறவில்லை. சாக்கில் வரிசையாக வைத்தார்கள். இருபத்தாறு வெறும் சக்கை. பதினொன்று கோரைக் கிழங்கு. நான் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவை. ஆறு உயிரோடு இருந்தன. அதில் ஒன்றில் ஒரு மொட்டு, நெல்மணி அளவு. தாட்டு வைத்ததா, முதுகு காட்டி வைத்ததா, எந்த இனம், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கொப்பியில் அந்த இலக்கத்துக்கு நேரே ‘சந்தேகம்’ என்று மட்டும் இருந்தது.

பதினைந்தாம் நாள் காலையில் கடிதம் கையில் கிடைத்தது. மத்தியானமே மிஸ் வந்தா. இந்தத் தரம் ஸ்கூட்டியைக் கொட்டில் வாசல் வரை ஓட்டி வந்தா. மனைவி ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கடிதத்தை வாசித்தா, இரண்டு தரம்.

“இதில பாத்த துண்டுக்கு மட்டும்தான் எழுதியிருக்கு. இந்தக் கல்லுக் கிடக்கிற இடமும் சுத்திவரக் கொஞ்சமும். மற்றப் பக்கத்துக்கு, காணியைத் திருப்பித் தரேக்க தந்த பழைய கடிதம் இருக்கு, ஆனா கோப்பில உங்கட படமும் இருக்கே ஐயா. பேசாமல் வீட்டை இந்தத் துண்டுக்குள்ள போடுங்கோ. இப்பவே கையெழுத்து வைக்கிறன்.”

“எந்தத் துண்டு மிஸ்?” என்றேன், தெரிந்துகொண்டே.

அவ பாறைத் தோட்டத்தைக் காட்டினா.

மனைவி ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. கயிற்றின் ஒரு முனையை மிஸ்ஸிடம் கொடுத்து மறு முனையைத் தான் இழுத்துப் பிடித்தாள். இது முன் அறை, இது அடுப்படி. கயிறு என் கல்லுகளுக்கு மேலாகவே ஓடியது. ஓரிடத்தில் நின்று, “கதவு இஞ்ச” என்றாள். வெறும் காற்றில் கையை நீட்டி, உள்ளே நின்று கொண்டி போடுகிற மாதிரி ஒரு தரம் தள்ளிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம்.

நான் ஆறு ஐரிஸையும் சாக்கோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். மொட்டு கொஞ்சம் பெருத்திருந்த மாதிரிப் பட்டது. நாளைக்கோ மறுநாளோ விரியலாம், விரியாமலும் விடலாம். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒன்றும் ஓடவில்லை.

“இஞ்சேர், வாசலுக்கு முன்னால ஒரு நாலு கல்லை மட்டும் விட்டியெண்டா, சின்னனா ஒரு பாத்தி...”

அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

“கயித்தை மிதிக்காதேங்கோ.”